அவரு கடலுக்குப் போனதில இருந்து சாப்பிடல

"எத்தனை நாளா சாப்பிடல?"ன்னு டாக்டர் பிள்ளை கேட்டா.

"அவரு கடலுக்குப் போனதில இருந்து"ன்னேன்.

பேனாவைத் தாள் மேல வச்சபடியே என்னை நிமிந்து பாத்தா. "அது எத்தனை நாள்க்கா?"

அப்பத்தான் விரலை மடக்கி எண்ணினேன். பதினாறு நாள். சொல்லும்போதே எனக்கு முகம் செத்துப் போச்சு. ஒரு நாய் பதினாறு நாளா ஒழுங்கா சாப்பிடல, அதை ஒரு பொம்பளை பாத்துக்கிட்டே இருந்திருக்கா. அதுவும் மருந்துக் கடையில வேலை பாக்கிற பொம்பளை. அந்தப் பிள்ளை நல்லா நாலு திட்டு திட்டியிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். அவ பதினாறுன்னு எழுதிக்கிட்டா.

இதை வெளியூர்க்காரங்களுக்கு விளக்கித்தான் சொல்லணும். எங்க தெரு தூத்துக்குடி பழைய துறைமுகத்துல இருந்து கூப்பிடு தூரம். பாதி வீட்டு ஆம்பளைங்க தோணியில போறவங்க. வெங்காயம், உருளைக்கிழங்கு, சிமெண்டு, ஜல்லின்னு ஏத்திக்கிட்டு மாலத்தீவுக்குப் போவாங்க. போக நாலு நாள், அங்கன சரக்கு இறக்க பத்துப் பதினோரு நாள், திரும்ப நாலு நாள். எங்க வீட்டுக்காரரு தோணியில பண்டாரி, அதாவது சமையல்காரரு. ஆள் கிளம்பினா வீட்டுல ஏதாவது ஒரு ஜீவன் சாப்பாட்டைத் தள்ளி வைக்கும். கைப்பிள்ளை பால் குடிக்காது. மூணு வயசுப் பிள்ளைக்கு உடம்பு காந்தும். யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓட மாட்டோம். "ஏக்கம்ளா, அப்பன் போயிருக்காம்லா"ம்போம். அப்பன் போட்டுக் கழட்டின சட்டையைப் பிள்ளை தலைமாட்டுல வைப்போம். நாலாவது நாள் காய்ச்சல் இறங்கிரும். இறங்கத்தான் செய்யுது, அதுதான் வினையே. பாதிக் காய்ச்சல் நாலு நாள்ல தானா இறங்குறதுதான்னு கடையில நிக்கும்போது எனக்குத் தெரியும். தெருவுக்குள்ள நுழைஞ்சா மறந்து போகும்.

எங்க நாய்க்கும் அதே கணக்குத்தான். பன்னெண்டு வருசத்துக்கு முன்னால வெங்காய மூட்டைக்கு நடுவுல கெடந்த குட்டியை அவரு சாரத்துல, அதான் லுங்கியில, சுத்திக் கொண்டாந்தாரு. நாட்டு நாய், செவலை நிறம், ஒரு காது நிக்கும், ஒரு காது மடிஞ்சு கெடக்கும். பேரு ஒண்ணு உண்டு, அதை எழுத மாட்டேன், எழுதுனா என்னால மேல எழுத முடியாது. அவரு கடலுக்குப் போற ஒவ்வொரு தடவையும் மூணு நாள் சட்டியை மோந்து கூட பாக்காது. வாசப்படியில தலையை வச்சுப் படுத்திருக்கும். நாலாவது நாள் நான் சாளை மீன் பொரிச்சா எந்திரிச்சு வந்திரும். இத்தனை வருசத்துல ஒரு நாள் கூட முன்ன பின்ன ஆனது கிடையாது.

இந்தத் தடவையும் நாலாவது நாள் எந்திரிச்சு வந்துச்சு. ஒரு துண்டைக் கவ்விச்சு, கீழ வச்சிட்டு, என்னைப் பாத்துச்சு.

"வயசாயிட்டுல்லா, ஏக்கம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்"னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. அவ புருசன், ரெண்டு மகன், மூணு பேரும் தோணிதான். இந்த ஏக்க வைத்தியத்துல அவதான் எங்க தெருவுக்குப் பெரிய டாக்டர். அவ சொன்னபடி அவரோட பழைய சாரத்தை விரிச்சேன், அதுல போய்ச் சுருண்டுகிட்டுச்சு. அவரு அனுப்பின வாய்ஸ் மெசேஜைப் போட்டேன், நிக்கிற காது இன்னும் கொஞ்சம் நிமிந்துச்சு. "பாத்தியாளா?"ன்னா அக்கா. எனக்கு எதையும் சோதிச்சுப் பாக்கணும், அது என் பிறவிக் குணம். செல்லுல செய்தி வாசிக்கிற ஆளோட குரலைப் போட்டேன், காது அசையல. திரும்ப அவரு குரல், காது நிமிந்துச்சு. மூணு தடவை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்து, சந்தேகமே இல்ல, ஏக்கம்தான்னு முடிவு கட்டினேன். பெரிய ஆராய்ச்சி! கோட்டிக்காரி, கிறுக்குப் பிடிச்சவ.

நடுவுல கொஞ்சம் பால்சோறு, ரெண்டு பிஸ்கட்டுன்னு ஓடிச்சு. கடையில இருந்து பிள்ளைகளுக்குப் பசி எடுக்கிற சிரப்பைக் கொண்டாந்து ஊத்தினேன். தண்ணியை மட்டும் சட்டி சட்டியா குடிச்சுச்சு, வெயிலுக்குன்னு நினைச்சேன். வாயில இருந்து ஒரு வாடை வந்துச்சு. உரக் கப்பல்ல மூட்டை இறக்குற அன்னைக்குக் காத்துல வருமே, அந்த வாடை. துறைமுகத்துல இருந்துதான் வருதுன்னு சன்னலைச் சாத்தினேன்.

அவரு மாலத்தீவுல, மாலி துறைமுகத்துல இருந்து போன்ல கேப்பாரு, "பய எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான், உங்களைத்தான் தேடுதான்."

நான் நம்பித்தான் சொன்னேன். ஆனா நம்பாட்டியும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கடல்ல இருக்கிற ஆளுகிட்ட வீட்டுச் சங்கடத்தைச் சொல்ல மாட்டோம், அது எங்க வழக்கம். ஆள் அங்கன இருந்து என்ன செய்ய முடியும்? தோணி ஆடிக்கிட்டு இருக்கும், அடுப்புல எண்ணெய் கொதிச்சுக்கிட்டு இருக்கும், மனசு இங்க கெடந்தா கை அங்க வழுக்கும். என் மாமனாரு செத்த சேதியையே இவரு கரையில கால் வச்ச பொறவுதான் சொன்னோம். அடக்கம் முடிஞ்சு ஆறு நாள் ஆயிருந்துச்சு. கல்லறைக்குப் போய் மண்ணைத் தொட்டுப் பாத்துட்டு வந்தாரு, எங்க யாரையும் ஒரு வார்த்தை கோவிக்கல. "நீங்க வேற என்ன செய்வீங்க"ன்னாரு. அதோட சரி.

பதினாறாம் நாள் காலையில நாய் வாந்தி எடுத்துச்சு, அதுல ரத்தம் கோடு கோடா இருந்துச்சு. முந்தின நாள்தான் தோணி மாலியை விட்டுக் கிளம்பியிருந்துச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சு டாக்டருக்குப் போன் போட்டேன்.

டாக்டர் பிள்ளைக்கு ஏரல் பக்கம். வயசு முப்பது கூட இருக்காது. ஸ்கூட்டர்ல முன்னால ஒரு பெட்டியை வச்சுக்கிட்டு வரும். காலையில ரத்தம் எடுத்துக்கிட்டுப் போச்சு, மத்தியானம் திரும்பி வந்து, ரெண்டு கிட்னியும் போச்சுன்னு சொல்லிச்சு.

நான் கேள்வி கேக்கிற ஆளு. பூசையில சாமியாரு பிரசங்கம் வைக்கும்போது கூட இவ கையைத் தூக்கிச் சந்தேகம் கேப்பான்னு வீட்டுல கேலி பண்ணுவாங்க. பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற சீட்டை வாசிக்காம நான் ஒரு புது மாத்திரையை வித்தது கிடையாது. அன்னைக்கும் கேட்டேன். கிட்னி போனா ஏன் பசிக்க மாட்டேங்குது? அப்புறம் ஏன் இம்புட்டுத் தண்ணி? அந்த வாடை எங்கன இருந்து வருது? பிள்ளை பொறுமையா சொன்னா. வடிகட்டுற வேலை நின்னு போச்சு, போக வேண்டிய கழிவு ரத்தத்துலயே சுத்துது, அது வயித்தையும் வாயையும் புண்ணாக்குதுன்னா. உதட்டைத் தூக்கிக் காட்டினா. நாக்கு ஓரம், கன்னத்துக்கு உள்பக்கம் எல்லாம் புண். சாளையைக் கவ்வி ஏன் கீழ வச்சுதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. சேசுவே, அதுக்குப் பசிச்சிருக்கு.

"முன்னமேயே காட்டியிருந்தா?"

"கொஞ்ச நாள் கூடுதலா கிடைச்சிருக்கும்க்கா. எத்தனை நாள்னு சொல்லத் தெரியாது."

பொய் சொல்லாத பிள்ளை. அன்னைக்கு ஒரு பொய் சொல்லியிருந்தா நான் வேண்டாம்னிருக்க மாட்டேன்.

பொறவு மெதுவா, தூங்க வச்சிரலாம்க்கான்னா.

எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. "தூங்க வைக்கிறதுன்னு எல்லாம் சொல்லாதீங்க. நான் மருந்துக் கடைக்காரி. கொல்லுறதுன்னா கொல்லுறதுன்னு சொல்லுங்க."

அவ கண்ணாடியைக் கழட்டித் துப்பட்டாவுல துடைச்சா. "சரிக்கா. ஊசி போட்டுக் கொல்லுறது. இன்னைக்குச் செஞ்சாலும் மூணு நாள் கழிச்சுச் செஞ்சாலும் முடிவு ஒண்ணுதான். நடுவுல அது படப் போற பாடு இருக்குல்லா, அதுதான் வித்தியாசம்."

தோணி வர மூணு நாள் ஆகும். நடுக்கடல்ல செல்லு எடுக்காது. முதலாளி ஆபீசுக்குப் போனா ஒயர்லெஸ்ல சொல்லி விடலாம்தான். நாய்க்குச் சீக்குன்னு ஒயர்லெஸ்ல சொல்லி விட்டவன்னு தெருவே சிரிக்கும். சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகட்டும், ஆனா வழக்கம் இருக்கே. அப்ப எங்கிட்ட இருந்தது ரெண்டே ரெண்டு. இந்த மூணு நாளும் அது வலியில கெடக்கணும், இல்லன்னா அவரு வந்து பாக்கும்போது அது இருக்காது. அப்பன் முகத்தையே கடைசியா பாக்காத மனுசன். நாய் முகத்தையாவது பாக்கட்டும்னு எனக்குத் தோணிச்சு. அது நியாயமா, நாய்க்குச் செய்யுற அநியாயமா, எனக்கு இன்னைக்கும் தெரியல.

"மூணு நாள் ஓட்டிற முடியுமா டாக்டர்?"

"சலைன் ஏத்துவோம். வலிக்கு ஊசி போடுதேன். ஆனா வலிப்பு வந்துட்டுன்னா அதுக்கு மேல ஒரு மணி நேரம் கூட இழுக்கக் கூடாது. இது நமக்குள்ள பேச்சு."

"பேச்சு"ன்னேன்.

சலைன் பாட்டிலைச் சன்னல் கம்பியில கட்டித் தொங்க விட்டோம். கடைக்கு லீவு சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்னு பாத்துட்டு, "உசுரை எடுக்க நாம யாருளா? சாமியாருகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"ன்னா. "சாமியாரு வந்து இந்தப் பாட்டிலைப் பிடிப்பாரான்னு நீ போய்க் கேட்டுட்டு வா"ன்னேன். முணுமுணுத்துக்கிட்டே போனா. கொஞ்ச நேரத்துல ஒரு பழைய சேலையை நாலா மடிச்சுக் கொண்டாந்து, தரை சில்லுன்னு இருக்குன்னு அதுக்கு அடியில விரிச்சா. அதுக்குப் பொறவு அவ வீட்டுக்கே போகல, அங்கனயே உக்காந்து மீன் கழுவினா, அங்கனயே செபமாலை சொன்னா.

முதல் நாள் சலைன் ஏறினதும் நாய் எந்திரிச்சு வாசல் வரைக்கும் நடந்துச்சு. எனக்கு ஒரே சந்தோசம், டாக்டருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "தண்ணி ஏறின தெம்புக்கா, கிட்னி திரும்ப வராது"ன்னு நிதானமா சொல்லிச்சு. அன்னைக்குச் சாயங்காலம் பிள்ளை வந்தப்ப நாயோட நெஞ்சுல குழாயை வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. எனக்கும் கேக்கணும்னேன். சிரிச்சுட்டுக் குழாயைக் கழட்டி என் காதுல மாட்டிச்சு, இடது முன்னங்காலுக்குப் பின்னால வச்சுப் பிடிச்சுச்சு.

பன்னெண்டு வருசம் கூட இருந்த நாய், அதோட நெஞ்சுச் சத்தத்தை நான் அன்னைக்குத்தான் கேட்டேன். நாலஞ்சு துடிப்பு வேகமா வந்துச்சு, பொறவு ஒரு இடைவெளி, திரும்ப வேகம். பயந்து போய், "நின்னு நின்னு அடிக்குதே, இதயமும் போச்சா?"ன்னு கேட்டேன். "இல்லக்கா, நாய்க்கு அப்படித்தான். மூச்சை இழுக்கும்போது வேகமா அடிக்கும், விடும்போது மெதுவாகும். நல்ல இதயம் இது"ன்னா. மனுசனுக்கும் சின்ன வயசுல லேசா அப்படி உண்டாம். நான் என் மூச்சை இழுத்து இழுத்து விட்டு மணிக்கட்டைப் பிடிச்சுப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. அக்கா என்னைப் பாத்து, "நாய் சாகக் கெடக்கு, இவ நாடி பிடிச்சுக்கிட்டு இருக்கா"ன்னா. சரிதான். ஆனா எனக்கு அது அழுகை மாதிரிதான். சிலபேரு அழுவாங்க, நான் கேப்பேன்.

அந்த ஊசியைப் பத்தியும் கேட்டேன். முதல்ல ஒரு மயக்க ஊசி, அதுக்குப் பொறவு நரம்புல ஒண்ணுன்னா. மருந்துக் குப்பியை வாங்கிப் பாத்தேன். மனுசங்களுக்கு ஆபரேசனுக்கு மயக்கம் கொடுக்கிற அதே மருந்துதான், அளவுதான் கூட. வெளிறின மஞ்சப் பொடி. அந்தப் பெட்டியில இருந்த சீட்டை முழுசா வாசிச்சேன். நாயைப் பத்தி ஒரு வரி இல்ல.

"உங்களுக்கு இது எத்தனையாவது?"

"எண்ணுறது இல்லக்கா."

"செஞ்சிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க?"

"குளிப்பேன். சாப்பிடுவேன். அன்னைக்கு நல்லாப் பசிக்கும்க்கா, ஏன்னு தெரியாது." சொல்லிட்டு வெக்கப்பட்டா. எனக்கு அவளை அந்த நிமிசத்துல ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

ரெண்டாவது நாள் அது எந்திரிக்கல. நான் பேரைச் சொன்னா வால் நுனி மட்டும் ரெண்டு தடவை தரையைத் தட்டும். அன்னைக்கு நான் கேள்வி ஒண்ணும் கேக்கல, பக்கத்துலயே படுத்துக்கிட்டேன்.

மூணாவது நாள் காலையில ஒம்பது மணிக்கு வலிப்பு வந்துச்சு. படுத்த படுக்கையில நாலு காலும் ஓடுச்சு. கண்ணு திறந்திருக்கு, ஆனா எங்களைப் பாக்கல. வாயில நுரை. அக்கா செபமாலையைக் கீழ போட்டுட்டு அதோட தலையைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு நிமிசம் இருக்கும், எனக்கு ஒரு நாள் மாதிரி இருந்துச்சு. டாக்டருக்குப் போன் போட்டேன். "சாயர்புரத்துல ஒரு மாட்டுக்குக் கன்னு திரும்பிக் கெடக்குக்கா, பாதியில விட்டுட்டு வர முடியாது. முடிஞ்ச உடனே வந்திருதேன். பேச்சு பேச்சுதான்"ன்னா. சரின்னேன்.

பத்தரை மணிக்குச் செல்லு அடிச்சுச்சு. அவருதான்.

"ஏளா, தீவு தெரியுது. டவர் இப்பத்தான் எடுக்கு."

முயல்தீவைத்தான் சொல்லுதாரு. அதைத் தாண்டினா துறைமுகம். பின்னால எஞ்சின் சத்தம், அதுக்கு மேல அவரு குரல், சந்தோசமா இருந்துச்சு. "ஆனா இறங்க சாயங்காலம் ஆயிரும். உள்ள எடம் இல்லையாம், வெளியவே நங்கூரம் போடச் சொல்லியிருக்கான். கஸ்டம்ஸ்காரங்க வேற ஏறி இறங்கணும். பய எப்படி இருக்கான்? அவனுக்கு மாசிக் கருவாடு கொண்டாரேன்."

நல்லா இருக்கான்னு சொல்ல வாயைத் திறந்தேன். இருவத்தெட்டு வருசப் பழக்கம், வாய் தானா திறக்கும். கண்ணுக்குத் தெரியுற தூரம்னாலும் ஆள் இன்னும் தண்ணியிலதான் இருக்காரு. ஆனா சாயங்காலம் அவரு வந்து வாசல்ல நிக்கும்போது, ஆறு நாள் கழிச்சு அப்பன் செத்த சேதி கேட்ட அன்னைக்கு வச்சிருந்த அதே முகத்தோட நிப்பாரு. நீங்க வேற என்ன செய்வீங்கம்பாரு. அதை இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது.

"செத்துக்கிட்டு இருக்கான்"ன்னேன்.

அக்கா நெஞ்சுல கையை வச்சுக்கிட்டா. வேண்டாம்ளான்னு தலையை ஆட்டினா. நான் நிறுத்தல. "ரெண்டு கிட்னியும் போச்சு. காலையில வலிப்பு வந்துட்டு. டாக்டர் பிள்ளை மத்தியானம் வாரா, ஊசி போட. சாயங்காலம் வரைக்கும் வைக்க முடியாதுங்க. நீங்க போன அன்னையில இருந்து சாப்பிடல, நான் கூறுகெட்டவ, ஏக்கம்னு நினைச்சுட்டேன். நான்தான் கொன்னேன்."

கட்டாயிட்டோன்னு காதுல இருந்து எடுத்துப் பாத்தேன், கட்டாகல.

"நான் போன அன்னையில இருந்து இல்லளா"ன்னாரு.

"என்ன?"

"முந்தின நாளே சாப்பிடல. சீலா மீன் தலையை வேக வச்சுக் கொடுத்தேன். மோந்துட்டுத் திரும்பிப் படுத்துட்டான். அதை எடுத்துப் பூனைக்குப் போட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"விடிஞ்சாத் தோணி ஏறுதவன் வாயால சீக்குப் பேச்சு எதுக்குன்னு விட்டேன். போற நேரத்துல ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்லா மனுசா! பொல்லாத வழக்கம், எடுபட்ட வழக்கம்! நீங்க எனக்காகச் சொல்லல, நான் உங்களுக்காகச் சொல்லல, நம்ம ரெண்டு பேரு பாசத்துக்கும் நடுவுல அது வாயெல்லாம் புண்ணாக் கெடந்திருக்கு!" கத்தக் கத்த எனக்கு அழுகை வந்துச்சு. மறைக்காம சொல்லுதேன், அந்தக் கோவத்துக்கு அடியில ஒரு நிம்மதியும் இருந்துச்சு. தப்பு நான் ஒருத்தி பண்ணினது இல்ல. அப்படி நினைச்சதுக்கு இன்னும் வெக்கமா இருக்கு.

அவரு மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. பொறவு, "எனக்காக அவனை இழுத்து வைக்காத. டாக்டர் வந்ததும் போன் போடு, பேசிக்கிடுதேன்"னாரு.

பன்னெண்டரைக்கு டாக்டர் பிள்ளை வந்தா, சட்டையெல்லாம் மாட்டுக் கொட்டகை வாடை. கன்னு பிழைச்சுதான்னு கேட்டேன். பிழைச்சிட்டு, கெடேரிக் கன்னுன்னா. கையைக் கழுவிட்டு வந்து உக்காந்தா. நான் அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சு, நாயோட நிக்கிற காதுக்குப் பக்கத்துல வச்சேன். முதல் ஊசியைத் தொடையில போட்டாச்சு, மயக்கத்துக்கு, நீங்க பேசுங்கன்னேன்.

"எலேய்"ன்னாரு. வால் நுனி தரையைத் தட்டுச்சு. அதுக்கு மேல அவருக்கு என்ன சொல்லன்னு தெரியல. சுத்தி ஆளுங்க நின்னிருப்பாங்க, வெக்கம். தொண்டையைச் செருமினாரு. பொறவு, "வா, குசினிக்குப் போவோம்"னாரு. அவரு கரையில இருக்கிற நாளெல்லாம் வீட்டுலயும் சமையல் அவருதான். குசினியில நின்னு ஒண்ணொண்ணா நாய்க்குச் சொல்லிச் சொல்லித்தான் சமைப்பாரு. கிறுக்கு மனுசன்னு நான் திட்டுவேன். இப்ப அங்கன நடுத் தோணியில நின்னுக்கிட்டு, வெறும் வாயாலயே, "எண்ணெய் காஞ்சிட்டுலே. வெந்தயம் போடுதேன். உள்ளி போடுதேன். கருவேப்பிலை போடுதேன், தள்ளி நில்லு, வெடிக்கும்"னு சொல்லிக்கிட்டே போனாரு.

மயக்கம் ஏறி அதோட கழுத்து தளந்துச்சு. டாக்டர் பிள்ளை மஞ்ச மருந்தை ஊசியில எடுத்துக்கிட்டு என்னைப் பாத்தா. நான் தலையை ஆட்டினேன். இப்ப போடுதாங்கன்னு நான் அவருகிட்ட சொல்லல. சொன்னாப் பேச்சு நின்னு போகும்.

"கேக்கணுமா?"ன்னு சைகையில குழாயைக் காட்டினா. வேண்டாம்னுதான் நினைச்சேன், கை தானா நீண்டுச்சு. காதுல மாட்டினதும் வெளிச் சத்தம் எல்லாம் தூரமாயிட்டு. அவரு குரல் தண்ணிக்குள்ள இருந்து வாற மாதிரி இருந்துச்சு. உள்ள நெஞ்சுச் சத்தம் மட்டும். இந்தத் தடவை மூச்சோட சேந்து கூடவும் இல்ல, குறையவும் இல்ல. வேகமா அடிச்சுச்சு, லேசாச்சு, தூரம் தூரமா வந்துச்சு. அடுத்தது வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன். வரல. பாத்துக்கிட்டே இருந்தும் எந்த நிமிசம்னு என்னால பிடிக்க முடியல. அதோட கண்ணு மூடவும் இல்ல. குழாயைக் கழட்டினேன், டாக்டர் பிள்ளை வாங்கி வச்சுக் கேட்டா, நிமிந்து தலையை அசைச்சா.

போன்ல அவரு பேசிக்கிட்டு இருந்தாரு. "புளியைக் கரைச்சு ஊத்தியாச்சு. இனி கொதிக்கணும். பொறு, பொறு, அவசரப்படாத."

டாக்டர் பிள்ளை போனை எடுக்கக் கையை நீட்டினா. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். அக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டா, சத்தம் வந்திரக் கூடாதுன்னு. மூணு பொம்பளைங்களும் அசையாம உக்காந்திருந்தோம். அவரு குழம்பைக் கொதிக்க விட்டாரு. மீனை ஒவ்வொரு துண்டா போட்டாரு. அடுப்பைத் தணிச்சாரு. தலையைத் தனியா எடுத்து வச்சாரு. "ஆறட்டும்லே. சுடச் சுடத் தின்னா வாய் பொசுங்கிரும். ஆறினதும் முழுசும் உனக்குத்தான். நல்லா சாப்பிடணும், என்ன?" குரல் உடைஞ்சுச்சு, திரும்பச் சரி பண்ணிக்கிட்டாரு.

பொறவு என்கிட்ட சொன்னாரு. "ஏளா, நான் பேசி முடிச்சிட்டேன். அந்தப் பிள்ளையைப் போடச் சொல்லு."

அப்படியே ஆகட்டும்னு சொல்லிட்டு, ரெண்டு நிமிசம் கழிச்சு முடிஞ்சிட்டுன்னு சொல்லியிருக்கலாம். அக்கா என்னை அப்படித்தான் பாத்தா. எனக்கும் அது நல்லாவே வரும்.

"போட்டாச்சுங்க"ன்னேன். "நீங்க புளி ஊத்தும்போதே போயிட்டான்."

எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. "அப்ப அதுக்குப் பொறவு நான் பேசினது?"ன்னு கேட்டாரு.

"நான் கேட்டேன்"னேன்.